அப்பாவின் படகு எஞ்சின்: கயிற்றை இழுக்கும் முன்

பயனீட்டாளர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான்குமே படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்ட் எஞ்சின் பற்றியவை. படகோடு தொடர்புள்ள தமிழ்க் குடும்பங்கள் சிங்கப்பூரில் குறைவு என்று நினைப்போம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சாங்கி, பொங்கோல், செம்பவாங் பக்கம் போய்ப் பாருங்கள். தூண்டிலும் சாப்பாட்டுப் பொட்டலமுமாக நம்மவர்கள் நிற்பார்கள்.

கேள்வி: என் அப்பா சாங்கிப் பக்கம் சின்னதாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார். முட்டி வலி வந்ததும் படகை விற்றுவிட்டார். எஞ்சினை விற்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. 15 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். ஆறு வருடமாக அவருடைய நண்பரின் கிடங்கில் கிடக்கிறது. இப்போது தம்பி ஒரு பழைய படகு வாங்கப் போகிறான், இந்த எஞ்சினையே மாட்டிக்கொள்கிறேன் என்கிறான். பட்டறையில் கேட்டால், எஞ்சினைப் பார்க்காமலேயே "முழு ஓவர்ஹால், 1,400 வெள்ளி" என்கிறார்கள். பழைய எஞ்சின் வாங்கும் ஒருவர் "இருக்கிறபடியே 250 வெள்ளிக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். தம்பியோ, புதுப் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை நாலு இழுப்பு இழுத்தால் ஓடிவிடும் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது? (ஈசூன் வாசகி)

பதில்: மூவர் பேச்சையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் வேலையாக, கயிற்றில் கை வைக்க வேண்டாம் என்று தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆறு வருடம் சும்மா கிடந்ததில் எஞ்சினுக்கு வந்த கேட்டைவிட, அதை எழுப்பும் முதல் ஐந்து நிமிடத்தில் வரும் கேடு பெரிது. பிழைக்க வேண்டிய எத்தனையோ எஞ்சின்கள் அந்த ஐந்து நிமிட அவசரத்தில் போயிருக்கின்றன.

உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். இந்த மாதிரிச் சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் சிலிண்டர் சுவரை வழவழப்பாக வைத்திருக்கும். ஓடாமல் கிடந்தால் அந்தப் படலம் வடிந்துவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே புகுந்து சுவரில் லேசாகத் துரு படரும், பிஸ்டன் ரிங்குகள் தங்கள் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் அந்தத் துரு உப்புத்தாள் மாதிரி சுவரைத் தேய்க்கும்.

கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக இறுகி, ஊசிமுனை அளவுள்ள துளைகளை அடைத்திருக்கும். எஞ்சின் எப்படியோ பிடித்துக்கொண்டு ஓடினாலும், போதிய பெட்ரோல் சிலிண்டருக்குப் போகாது. பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் எண்ணெயும் குறையும். பிஸ்டன் சூடேறி இறுகிப்போக அது போதும்.

இன்னொன்று தண்ணீர்ப் பம்பு. கடல் நீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர வைப்பது இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம். ஆறு வருடத்தில் அதன் இதழ்கள் ஒரு பக்கமாக மடங்கியபடியே இறுகியிருக்கும். காய்ந்த ரப்பர் உலோகத்தில் உரசினால் கிழியும், கிழிந்த துண்டுகள் மேலே போய்த் தண்ணீர் ஓடும் பாதையை அடைக்கும்.

இதை நான் வற்புறுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன், உறவினர் ஒருவரின் படகில் புலாவ் உபினுக்கு வடக்கே மீன் பிடிக்கப் போயிருந்தோம். இம்பெல்லர் பழசு என்று அவருக்குத் தெரியும், அடுத்த மாதம் மாற்றலாம் என்று விட்டிருந்தார். திரும்பும் வழியில் எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. சிறிது நேரத்தில் எஞ்சின் முனகிக்கொண்டே இறுகி நின்றுவிட்டது. அந்த இடத்தில் ஜொகூர் நீரிணை எவ்வளவு குறுகல் என்று போனவர்களுக்குத் தெரியும். நீரோட்டம் எங்களை அக்கரையான மலேசியப் பக்கம் தள்ளிக்கொண்டே போனது. கேலோங் என்ற மீன்பிடி மேடை வைத்திருந்த ஒரு பெரியவர் வந்து கயிறு கட்டி இழுக்கும்வரை படகில் இருந்த இரண்டு சிறுவர்களும் பேசவே இல்லை. சில பத்து வெள்ளி பெறும் ரப்பருக்காக அப்படி ஒரு மாலை.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் எஞ்சினை ஒரு மரச் சட்டத்தில் நிமிர்த்தி மாட்டுங்கள். படகில் மாட்டும் கிளாம்ப் பக்கத்தில் சின்னத் தகடு ஒன்று இருக்கும், அதில் மாடல் எண்ணும் தொடர் எண்ணும் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு, இம்பெல்லர், தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்துத் தண்ணீர்ப் பாதையைத் திறக்கும் வால்வு), கார்புரேட்டர் கேஸ்கட் மூன்றும் கிடைக்குமா என்று உதிரிப் பாகக் கடையில் விசாரியுங்கள். யமஹா, டொஹாட்சு, சுசுகி போன்றவற்றின் 15 குதிரைத்திறன் எஞ்சின்கள் இந்த வட்டாரத்து மீனவர்களிடம் நிறையப் புழங்குகின்றன, அதனால் பெரிய சிரமம் இருக்காது. எவின்ரூட் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அதைத் தயாரித்த கனடா நிறுவனமான பிஆர்பி, 2020ல் அவுட்போர்ட் எஞ்சின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. பாகம் கிடைக்காது என்றில்லை, தேடவும் காத்திருக்கவும் வேண்டியிருக்கும்.

அப்புறம் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு சின்னக் கரண்டி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள். கீழே உள்ள கியர் பெட்டியைக் கழற்றிப் பழைய இம்பெல்லரை எடுத்துவிடுங்கள், எப்படியும் அதை மாற்றத்தான் போகிறோம். மறுநாள் மேலே இருக்கும் ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மேலேயிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசை. சுற்றினால் பாதி நிம்மதி. சுற்றவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சில நாள் பொறுங்கள். சுத்தியலும் நீளமான ஸ்பேனரும் வேண்டாம்.

அடுத்தது கியர் ஆயில். பெட்டியின் அடியில் ஒரு திருகு, மேலே ஒரு திருகு. இரண்டையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் வடியுங்கள். கறுத்த தேன் மாதிரி வந்தால் கவலையில்லை. தே தாரிக் நிறத்தில் வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்புதான் சீலை அறுத்திருக்கும். சீல் மாற்றுவது தாங்கக்கூடிய செலவுதான். எண்ணெயில் உலோகச் சில்லுகள் மின்னினால் கதை வேறு. கியரோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

புது இம்பெல்லர் போட்டுக் கியர் பெட்டியை மாட்டிய பிறகு கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், எவ்வளவு என்று பார்க்க வேண்டும். முடிவு எடுக்க உங்களுக்கு உதவப்போவது இந்த எண்தான். பிளக் துளையில் அளவுமானியைத் திருகி, எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருக்க நிறுத்தும் கயிற்றுச் சாவியை எடுத்துவிட்டு, திராட்டிலை முழுக்கத் திறந்து, நாலைந்து முறை கயிற்றை இழுப்பார்கள். இப்போது இழுக்கலாம், கீழ்ப்பகுதி தண்ணீர் வாளிக்குள் இருந்தால் போதும். 15 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக்கில் பொதுவாக 90க்கு மேல், 120 வாக்கில் பிஎஸ்ஐ காட்டும். சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும். அந்த எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று 110, மற்றது 70 என்றால் உள்ளே ரிங்கோ சிலிண்டரோ போய்விட்டது. ஒன்று நினைவிருக்கட்டும், நாம் ஊற்றிய எண்ணெய் இன்னும் உள்ளே இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை வடித்துத் துடைத்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள், எஞ்சின் ஓடிய பிறகு இன்னொரு முறையும் அளக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் தம்பியே செய்யலாம். கருவி இல்லை, பழக்கம் இல்லை என்றால் பட்டறையில் கொடுங்கள், ஆனால் கட்டம் கட்டமாகப் பேசுங்கள். "முதலில் சுற்றுகிறதா, கியர் ஆயில் எப்படி, கம்ப்ரெஷன் எவ்வளவு, பிளக்கில் பொறி வருகிறதா, இந்த நான்கை மட்டும் பார்த்து எழுதிக் கொடுங்கள், அதற்கான கூலி என்ன?" என்று கேளுங்கள். பார்க்காமலே ஓவர்ஹால் விலை சொல்பவரிடம் எஞ்சினை விட்டுவிட்டு வர நான் சம்மதிக்க மாட்டேன். அந்த 1,400 வெள்ளியில் உங்களுக்குத் தேவையில்லாத பிஸ்டன் வேலை சேர்ந்திருக்கலாம், தேவையான சீல் வேலை விட்டுப்போயும் இருக்கலாம். இரண்டாம் கட்ட வேலைக்கு விலைப்பட்டியல் எழுத்தில் வேண்டும், கழற்றிய பழைய பாகங்களும் உங்கள் கைக்கு வர வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான்கும் நல்லபடியாக இருந்தால் எஞ்சினை எழுப்புவது நியாயமான செலவு. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அடைத்த துளையைக் கம்பியால் குத்தக் கூடாது, துளை பெரிதானால் பெட்ரோல் கணக்கே மாறிவிடும். அதற்கான திரவத்தில் ஊறவைத்துக் காற்று அடித்தால் போதும். பெட்ரோல் குழாய், நடுவில் இருக்கும் ரப்பர் பம்பு உருண்டை, ஃபில்டர், பிளக்குகள், தெர்மோஸ்டாட் எல்லாம் புதிது. துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் ஆனோட் கட்டிகள் பாதிக்கு மேல் கரைந்திருந்தால் அவையும் மாற வேண்டும். அவற்றின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், அடித்தால் வேலை செய்யாது.

எண்ணெய் விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். மோட்டார் சைக்கிள் கடையில் கிடைக்கும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் மலிவாக இருக்கும், அது வேண்டாம். போத்தலில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்க வேண்டும். தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்காகச் செய்யப்பட்ட, சாம்பல் படியாத எண்ணெய் அது. கலவை 50க்கு 1 என்று கையேடு சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர். சில மாடல்களுக்கு வேறு விகிதம் உண்டு, அப்பாவுக்கு அது நினைவிருக்கும்.

அப்பாவிடம் கேட்க இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கடைசியாக ஓட்டிய அன்று நல்ல தண்ணீரில் கழுவி, பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, தானாக நிற்கும்வரை ஓட விட்டாரா? "ஆமாம்" என்று அவர் சொன்னால் உங்கள் வேலையில் பாதி ஆறு வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

முதல் ஓட்டம் வீட்டில் வேண்டாம். வீவக அடுக்குமாடி வீட்டுக்கு அருகிலோ மூடிய இடத்திலோ எஞ்சின் ஓட்டக் கூடாது, அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. பட்டறையிலோ படகுக் கிளப்பிலோ பெரிய தண்ணீர்த் தொட்டியில், புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மெதுவான வேகத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பக்கவாட்டுத் துளையில் சற்று நேரத்தில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள், "இன்னும் ஒரு நிமிடம் பார்ப்போம்" என்ற பேச்சே வேண்டாம். கடலில் முதல் நாள் கரையை ஒட்டியே போங்கள், துடுப்பும் சார்ஜ் உள்ள கைப்பேசியும் படகில் இருக்கட்டும். படகின் உரிமம், ஓட்டுபவரின் உரிமம் இரண்டையும் கடல்துறை, துறைமுக ஆணையத்திடம் முன்பே சரிபார்த்துவிடுங்கள். தம்பி பழைய படகு வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், பணம் கொடுக்கும் முன்பே இதைப் பார்த்தாக வேண்டும்.

250 வெள்ளிக்கு எஞ்சினைக் கேட்பவருக்கு இப்போதைக்குப் பதில் சொல்ல வேண்டாம். விற்பதென்று முடிவானாலும், சுற்றும் எஞ்சின், நல்ல கியர் ஆயில், எழுதி வைத்த கம்ப்ரெஷன் எண் ஆகியவற்றோடு விற்பது வேறு விலை. எஞ்சினைப் படகில் மாட்டலாம் என்று முடிவானால் அப்பாவையும் அந்தத் தொட்டிப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

கேள்வி: என்னிடம் 9.9 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் இருக்கிறது. வேலை நிமித்தம் ஒன்றரை வருடம் பெர்த் போகிறேன். இணையத்தில் "விண்டரைசிங் கிட்" என்று விற்கிறார்கள். இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃபிரீஸ், ஃபாகிங் ஆயில் ஸ்பிரே, பெட்ரோல் ஸ்டெபிலைசர், மூன்றும் சேர்த்து 130 வெள்ளி. வாங்கலாமா? (செங்காங் வாசகர்)

பதில்: கிட்டாக வாங்க வேண்டாம். உள்ளே துருவைத் தடுக்கும் ஸ்பிரேயையும் பெட்ரோலைக் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசரையும் தனித்தனியே வாங்குங்கள், இளஞ்சிவப்புப் போத்தல் உங்களுக்கு ஒன்றுக்கும் உதவாது.

விண்டரைசிங் என்பது பனி பெய்யும் நாடுகளின் வேலை. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும். எஞ்சினுக்குள் தேங்கிய நீர் உறைந்தால் இரும்பே பிளக்கும், அதைத் தடுக்கத்தான் ஆன்டிஃபிரீஸ் ஊற்றுகிறார்கள். அதுகூடப் பெரும்பாலும் படகுக்குள் பொருத்தப்பட்ட எஞ்சின்களுக்கு. அவுட்போர்ட் எஞ்சினை நிமிர்த்தி வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். சிங்கப்பூரில் வெப்பநிலை 19 டிகிரிக்குக் கீழே இறங்கியதே கிடையாது. உறையாத ஊரில் உறையாமல் இருக்க மருந்து எதற்கு?

ஆனால் "நமக்குக் குளிர்காலம் இல்லை, அதனால் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர் நாட்டில் எஞ்சின் சில மாதங்கள் தூங்கும், காற்றும் வறண்டிருக்கும். இங்கே ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். உப்பு, ஈரம், பழைய பெட்ரோல் மூன்றும் எந்த மாதமும் லீவு எடுப்பதில்லை. அதனால் உங்களுக்கு வேண்டியது ஈரத்துக்கான ஏற்பாடு.

கிளம்பும் முன் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கடைசி ஓட்டத்துக்கான பெட்ரோலில் ஸ்டெபிலைசரைக் கலந்து, அது கார்புரேட்டர்வரை போகும்படி பத்து நிமிடமாவது ஓட்டுங்கள். அந்த நேரத்திலேயே நல்ல தண்ணீரால் உள்பக்கத்தையும் கழுவிவிடலாம். எஞ்சின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்தால்தான் உள்ளே இருக்கும் உப்பு முழுக்கக் கரைந்து வெளியேறும், அவசரப்பட்டு இரண்டு நிமிடத்தில் நிறுத்தினால் பயனில்லை. அப்புறம் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து மிச்சப் பெட்ரோலை வடித்துவிடுங்கள். உங்கள் எஞ்சின் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வகை என்றால் இதில் கை வைக்காமல் கையேடு சொல்கிறபடி செய்யுங்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு முக்கியமான விஷயம், எஞ்சின் ஆயிலைப் போவதற்கு முன் மாற்ற வேண்டும். பலர் "திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம்" என்று விடுகிறார்கள். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும், ஒன்றரை வருடம் அது பேரிங்குகள் மேலேயே உட்கார்ந்திருக்கும். கியர் ஆயிலுக்கும் இதே கணக்கு. அதைக் கீழ்த் துளை வழியாக ஏற்றுங்கள், மேல் துளையில் வழியும்போதுதான் நிரம்பியது என்று அர்த்தம். இரண்டு திருகுகளுக்கும் புது வாஷர் போடுங்கள்.

பிளக்குகளைக் கழற்றி ஃபாகிங் ஆயிலை உள்ளே அடித்து, கயிற்றை மெதுவாக ஓரிரு முறை இழுத்துப் பரப்பிவிட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். கிரீஸ் போடும் இடங்களில் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். கழற்றாமல் விட்டால் உப்பு அதைத் தண்டோடு ஒட்டிவிடும்.

எங்கே வைப்பது என்பதுதான் நம் ஊரில் பெரிய கேள்வி. நிமிர்த்தி, காற்றாடும் இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையை இறுகக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும், துணி உறை நல்லது. வீவக தாழ்வாரத்தில் வைக்க நினைத்தால் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற விதி இருக்கிறது. பெட்ரோல் டேங்க் மட்டும் வீட்டுக்குள்ளும் வேண்டாம், தாழ்வாரத்திலும் வேண்டாம், காலி டேங்க்கில்கூட ஆவி இருக்கும். எஞ்சினைக் காரில் கொண்டுபோகும்போது கையேட்டில் காட்டிய பக்கமாக மட்டுமே படுக்க வையுங்கள். தவறான பக்கம் படுத்தால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும்.

படகும் இருக்கிறதென்றால் அதன் வடிகால் அடைப்பானைத் திறந்து, சற்றுச் சாய்த்து வையுங்கள். மழை நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும், தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வரும்போது நீங்கள் பெர்த்தில் இருப்பீர்கள். எஞ்சின் கழுவப் பயன்படுத்திய தொட்டியையும் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் இம்பெல்லரை மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சரி.

கேள்வி: இணையத்தில் விளம்பரம் பார்த்து ஒரு தனிநபரிடம் 1,100 வெள்ளிக்குப் பழைய அவுட்போர்ட் எஞ்சின் வாங்கினேன். "நன்றாக ஓடும் நிலையில் உள்ளது, சர்வீஸ் செய்தது" என்று எழுதியிருந்தார், ஓடுகிற காணொளியும் அனுப்பினார். நேரில் போனபோது ஒரே இழுப்பில் ஓடியது. இரண்டாவது நாள் கடலில் நின்றுவிட்டது. பட்டறையில் ஒரு சிலிண்டர் போய்விட்டது, கியர் பெட்டியில் தண்ணீர் என்கிறார்கள். விற்றவர் இப்போது என் எண்ணைத் தடை செய்துவிட்டார். "லெமன் லா" உதவுமா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: வருத்தமாக இருக்கிறது. லெமன் சட்டம் உங்களுக்கு உதவாது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த அந்த விதிகள், வியாபாரியிடம் பயனீட்டாளர் வாங்கும் பொருளுக்குத்தான் பொருந்தும். கடையில் வாங்கியிருந்தால், பழைய பொருளாக இருந்தாலும் சரி, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்தது என்று வைத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. பழுது பார்க்க அல்லது மாற்றித் தரச் சொல்லலாம், அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். தனிநபர் தனிநபருக்கு விற்றால் இது எதுவும் இல்லை. பயனீட்டாளர் சங்கமான கேஸ் அமைப்பும் வியாபாரிகள் மீதான புகார்களைத்தான் எடுக்கும்.

அதற்காக விட்டுவிட வேண்டாம். பொருள் தரமாக இருக்க வேண்டும் என்ற சட்ட விதி வியாபாரமாக விற்பவரைத்தான் கட்டுப்படுத்தும் என்றாலும், விவரித்தபடி இருக்க வேண்டும் என்ற விதி தனிநபரையும் கட்டுப்படுத்தும். பொய்யான தகவல் சொல்லி வாங்க வைத்தார் என்றும் வாதிட இடமிருக்கிறது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியே மனு கொடுங்கள். 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, விற்றவரும் வைத்துக்கொள்ள முடியாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஆதாரம் சேர்ப்பது. விளம்பரத்தின் படம், உரையாடல் முழுவதும், காணொளி, பேநவ் கட்டண விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பட்டறையில் கம்ப்ரெஷன் எண்களையும் கியர் ஆயிலின் நிலையையும் தேதியோடு எழுதி வாங்குங்கள். இரண்டு நாளில் கியர் பெட்டிக்குள் அவ்வளவு தண்ணீர் வராது என்று அவர்கள் எழுதித் தந்தால் அது வலுவான தாள். அதுவரை எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்க விடாதீர்கள், பிரித்துவிட்டால் எதிர்த்தரப்பு உங்கள்மேலேயே பழி போடும்.

ஒரே இழுப்பில் ஓடியது என்று எழுதியிருக்கிறீர்களே, தொட்டுப் பார்த்தீர்களா? நீங்கள் வரும் முன் ஓட்டிச் சூடாக்கி வைத்த எஞ்சின் யாருக்கும் ஒரே இழுப்பில் ஓடும். பழைய எஞ்சின் பார்க்கப் போகும் மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன், மூடியைத் திறந்து சிலிண்டர் பக்கம் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் "ஆறட்டும், காத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். கியர் ஆயில் திருகைச் சற்றே தளர்த்தி நாலு சொட்டு காட்டச் சொல்லுங்கள். அளவுமானி ஒன்றை எடுத்துப் போங்கள், விற்பவர் அதற்கு முகம் சுளித்தால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. தொடர் எண் தகடு சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள், அது திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

கேள்வி: பழைய டேங்கில் ஏறக்குறைய எட்டு லிட்டர் பெட்ரோல் மூன்று வருடமாக இருக்கிறது. காரில் ஊற்றி முடித்துவிடலாமா? (பிடோக் வாசகர்)

பதில்: வேண்டாம். அதில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்திருந்தால் காரின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் சென்சாரையும் கெடுக்கும். கலக்காமல் இருந்தாலும் மூன்று வருடப் பெட்ரோல் பிசினும் தண்ணீருமாகத்தான் இருக்கும், மிச்சப்படுத்தும் சில வெள்ளிக்காக இன்ஜெக்டர் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டிவரும். சாக்கடையிலும் கழிவறையிலும் ஊற்றவே கூடாது. நம் கால்வாய்கள் நீர்த்தேக்கங்களுக்கும் கடலுக்கும்தான் போகின்றன, பெட்ரோல் ஆவி குழாய்க்குள் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. எஞ்சினைக் கொடுக்கும் படகுப் பட்டறையிலேயே கேளுங்கள், கழிவு எண்ணெய் எடுத்துச் செல்லும் உரிமம் பெற்ற நிறுவனங்களோடு அவர்களுக்குத் தொடர்பு இருக்கும். போகும்போது டேங்கின் அடியையும் பாருங்கள், துரு இருந்தால் டேங்கையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.